பீயுனின் வலது கை

தைனான் நகரச் சந்தையில் பால்கெண்டை மீனுக்கு முள் எடுப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் குழந்தையின் கஞ்சியில் போட மீன் வேண்டும் என்பவர்கள் பீயுனின் பலகையைத் தேடித்தான் வருவார்கள். இதைச் சொல்லும்போது கல்லாவில் உட்காரும் அக்கா சூஷியாவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். மயிரிழை போன்ற முள்ளையும் பீயுன் விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்து இடுக்கியால் இழுத்துவிடுவாள். கத்தி பட்டு விரல் கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மீனை எடுப்பாளே தவிர, வாயிலிருந்து ஒரு சத்தம் வராது.

அப்படிப்பட்டவள், குடலில் இருந்த கட்டியை எடுத்த மறுநாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அறுத்தபோது தான் விழித்திருந்ததாகச் சொன்னாள். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. வயிற்றுக்குள் நெருப்பை வைத்து இழுத்ததுபோல் இருந்தது. தலைக்கு மேலே யாரோ, கோழிக்கால் கேட்டால் சாப்பாட்டுப் பெட்டியில் பன்றிக்கறியை வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

மயக்க மருந்து கொடுத்த குவோ டாக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். மூளையை அளந்த கருவியின் பதிவைத் திரையில் காட்டினார். கோடு ஆழ்ந்த மயக்கத்தின் எல்லையை விட்டு வெளியே வரவே இல்லை. மயக்கம் தெளிகிற நேரத்தில் அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கலாம், அதைச் சுற்றி மூளை ஒரு கனவைக் கட்டியிருக்கலாம் என்றார். பீயுன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குடலை மறுபடி இணைக்க இன்னொரு அறுவை பாக்கி இருந்தது. அதுவரை வயிற்றில் ஒட்டிய பையில்தான் மலம் இறங்கும். நாள் நெருங்கியதும் பீயுன் வரமாட்டேன் என்றுவிட்டாள். பையோடு சந்தைக்குப் போகவும் கூச்சம். பலகை கவிழ்ந்தே கிடந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள்.

சூஷியாவுக்குத் தெரிந்த வழி கோயில்தான். பயந்தவரின் உடுப்பால் அரிசிக் கிண்ணத்தைச் சுற்றி ஊதுபத்தி காட்டிப் பிரித்தால், அரிசி மேடும் பள்ளமுமாகப் பயத்தைக் காட்டிவிடும். பயத்தில் உடம்பை விட்டு விலகிப்போன உயிரைப் பிறகு பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். தங்கையின் நீலச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மூலை பிசகாமல் மடித்து எடுத்துப் போனாள். அரிசி பார்க்கும் அம்மாள் பிரித்தபோது அரிசி மட்டமாகவே இருந்தது. அம்மாள் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"துவைச்சுட்டியா? சோப்புக்கு எங்கம்மா பயம் இருக்கும்? போட்டுக் கழட்டினதைக் கொண்டா."

இந்த வழக்கத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், சுத்தம் பார்க்கப்போய்க் கோட்டைவிட்டாள். வீட்டுக்கு வந்து, உடுத்தியிருந்த சட்டையைக் கேட்டாள். பீயுன் கழற்றவில்லை.

"அவரு மெஷினைப் பார்த்துட்டு இல்லைங்கறாரு. நீ அரிசியைப் பார்த்துட்டு வந்து ஆமாங்கப்போறியா? நான் சொல்றேனேக்கா, அது பத்தாதா?"

சூஷியா கிண்ணத்து அரிசியைப் பானையில் திரும்பக் கொட்டினாள்.

"பத்தும்," என்றாள்.

மறுநாள் தனியாகக் குவோ டாக்டரிடம் போனாள். தங்கை பொய் சொல்கிறவள் இல்லை. அந்தக் கோட்டில் வலி எந்த இடத்தில் இருக்கும் என்று காட்டுங்கள் என்றாள். அவர் அந்தப் பதிவைத் திரையில் மறுபடி திறந்து பார்த்தார்.

"கோட்டுல வலி இருக்காதும்மா. மூளை என்ன பண்ணுதுன்னுதான் அது காட்டும். மூளையைத் தாண்டி வேற எதுவும் இல்லைன்னுதான் படிச்சேன், இப்பவும் அப்படித்தான் நம்புறேன். ஆனா வலிச்சுதான்னு கேக்க உங்க தங்கச்சியை விட்டா எனக்கு ஆள் கிடையாது."

அவரே ஒரு வழி சொன்னார். தசையை முடக்கும் மருந்து ஏறும் முன் வலது முழங்கைக்கு மேலே பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால், அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. உள்ளே விழிப்பு இருந்தால் கை அசையும். நர்ஸ் பிடித்துக்கொண்டே இருப்பார். இதைக் கேட்ட பிறகுதான் பீயுன் சம்மதித்தாள்.

அறுவை முடிந்ததும் டாக்டர் நடைபாதைக்கு வந்து சூஷியாவிடம் உள்ளதைச் சொன்னார். தொடங்கிய கொஞ்ச நேரத்தில், கேட்கிறதென்றால் கையை அமுக்குங்கள் என்று நர்ஸ் சொன்னபோது பீயுன் அமுக்கினாள். வலித்தால் மறுபடி அமுக்குங்கள் என்றபோது அமுக்கவில்லை. உடனே மருந்தைக் கூட்டினார்கள்; அதன்பின் கை அசையவில்லை. கோடு இந்த முறையும் எல்லைக்குள்தான் இருந்தது.

பீயுன் கண் விழித்து, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். "ஒண்ணுமே இல்லக்கா. மூடினேன், திறந்தேன், அவ்வளவுதான்."

சூஷியா போர்வையைச் சரி செய்தாள். நீ சொல்வது போதும் என்று வாக்குக் கொடுத்தவள், இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். தங்கையே விடவில்லை.

"கை அமுக்கினேனா?"

"ஒரு தடவை அமுக்கினியாம்."

பீயுன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். மேற்கையில் பட்டை பதிந்த தடம் இன்னும் சிவந்திருந்தது. விரல்களை மடக்கினாள், விரித்தாள்.

"நான் அங்க இல்லையேக்கா. அப்ப யாரு அது?"

"தெரியலடி."

"வலிச்சுதாமா?"

"அதுக்கு அமுக்கலையாம்."

பீயுன் கையை மெல்ல மார்பின் மேல் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள்.

"பாவம். யாருன்னாலும் தனியா இருந்திருப்பா."

"தனியா எங்க இருந்தா," என்றாள் சூஷியா. "நர்ஸம்மா கடைசிவரைக்கும் கையை விடலையாம்."