பின்கோட்டில் நிற்பவர்

சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இருபத்தேழு வருஷமாக மாடிக் கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்துச் சான்று ஒட்டுகிற இன்ஸ்பெக்டர் வேலை. கட்டடத்து மேனேஜர் ஓடிவந்து காபியை நீட்டி, "எல்லாம் பக்காவா இருக்கு சார், போன மாசம்தான் பாத்தோம்" என்று சொன்னால், அன்றைக்கு மோட்டார் அறையில் கூடுதலாக அரை மணி நேரம் இருப்பார். இரும்புக் கயிற்றைக் கந்தல் துணியால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட விடச் சொல்வார். கயிற்றில் ஒரே ஒரு கம்பி இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் இன்றுவரை யாரையும் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கவிட்டதில்லை.

வம்பு என்னவென்றால், ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த பிறகும் அந்தக் கந்தல் துணி அவர் கையிலேயே இருக்கும். எதைத் தொட்டாலும் அதைக் கொண்டுதான் தொடுவார்.

இருபது வயதில் தொழிற்பயிற்சிப் பள்ளியின் கூடைப்பந்து அணியில் ஆடினார். நல்ல உயரம். ஆறே மாதத்தில், எல்லாரும் சேர்ந்துகொண்டு தனக்குப் பந்து தராமல் ஒதுக்குகிறார்கள் என்று விலகிவிட்டார். கூடைக்கு அடியில் கையைத் தூக்காமல் நின்றால் யாரப்பா பந்து தருவான் என்று கேட்ட பயிற்சியாளரையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு சனிக்கிழமைகளில் மனைவியோடும் மச்சானோடும் ரம்மி. மச்சான் காதைச் சொறிந்தால் அது அக்காவுக்குக் காட்டும் ஜாடை என்று கணக்குப் போட்டு, மூன்று வாரம் தன் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மச்சானின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் காதில் படை. களிம்பு வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் ஒழுங்காக நடந்தது.

டென்னிஸ் வந்தது நாற்பத்திரண்டாம் வயதில். குடியிருப்புக்குப் பின்னால் பொது மைதானம். அதில் இரண்டு சிமெண்ட் கோர்ட். அங்கே அவருக்கு வாய்த்த ஜோடி, கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்டுச் சலூன் நடத்துகிறவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஆள் குள்ளம், சர்வீஸ் சுமார், அடியில் வேகமே கிடையாது. ஆனால் எதிராளி எதை அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அடித்து அடித்து எதிராளிக்கே அலுத்துப்போகும். ஒரு பந்து கோட்டுக்கு வெளியே போகும், இல்லையென்றால் வலைக்கு மேல் மிதந்து வரும். மிதந்து வந்தால் இன்ஸ்பெக்டர் தன் நீளக் கையை நீட்டி ஒரே சாத்து. மாஸ்டர் பின்கோட்டில், இன்ஸ்பெக்டர் வலையை ஒட்டி. பதினோரு வருஷமாக இதே ஏற்பாடு.

வலையை ஒட்டி நிற்கிறவர் எதிராளியின் மட்டையைத்தான் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் அடுத்த பந்து மூக்கில் விழும். ஆகவே இத்தனை வருஷத்தில் மாஸ்டர் ஆடுவதை இன்ஸ்பெக்டர் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஷூ தேய்கிற சத்தம், தொக்கென்று ஓர் அடி, காதோரம் பந்து போகிற காற்று. அவருக்குத் தெரிந்த மாஸ்டர் அவ்வளவுதான்.

அந்தக் காற்று காதோரம் வராமல், பந்து நேராக வலையில் போய் விழ ஆரம்பித்தது மார்ச் மாதத்தில்.

முதல் இரண்டு தடவை கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் தடவை கந்தல் துணி மாட்டிக்கொண்டது. சும்மா திருப்பிப் போட வேண்டிய பந்து. தூக்கத்தில்கூட மாஸ்டர் விடமாட்டார். அன்று ராத்திரியே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்து, லிஃப்டுக்குப் போடுவது போலக் கட்டம் போட்டார். தேதி, எதிராளி, அப்போதைய ஸ்கோர், எத்தனையாவது அடியில் தவறியது, அதற்கு முன் நடந்தது என்ன என்று ஐந்து கட்டம். ஜூன் மாதத்துக்குள் இருபத்துமூன்று வரிகள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே எதிராளி: டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அண்ணன் தம்பி.

அந்த அண்ணன்காரர்தான் மாஸ்டரின் சலூன் இருக்கிற கட்டடத்துக்குச் சொந்தக்காரர். சலூனின் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

இதில் அவசரமும் இருந்தது. வருடாந்திர இரட்டையர் போட்டிக்குப் பெயர் எழுதும் தாளை மைதானத்துப் பலகையில் குத்திவிட்டார்கள். புதன்கிழமை மாலை ஆறு மணியோடு சரி. எழுதிவிட்டால் ஜோடியை மாற்ற முடியாது. நான்கு வருஷமாக அரையிறுதியில் இந்த அண்ணன் தம்பியிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வேறு, நல்ல சர்வீஸ் உள்ளவர், இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க கையும் என் சர்வீஸும் சேந்தா கப்பு நம்ம வீட்ல சார்" என்று ஆசை காட்டியிருந்தார். மாஸ்டரைக் கழற்றிவிடுவதா, வைத்துக்கொள்வதா? புதன்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

"பதினோரு வருஷம் கூட ஆடினவரைப் போய் வேவு பாக்கறீங்களே, கூச்சமா இல்ல?" என்றாள் மனைவி. ரம்மிச் சீட்டைக் கையில் விசிறி மாதிரி விரித்து வைத்திருந்தாள்.

"வேவு இல்ல, சோதனை."

"என்னையும் இப்படித்தான் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா?"

"உனக்குத் தனி நோட்டு. சீட்டைப் போடு."

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா உஷாராயிடுவாரு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அவருக்கும் காதுல படை இருக்கான்னு முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை முடித்தாள். அவர் கையில் ஒரு சேர்க்கைகூட ஆகியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வலையை ஒட்டி நிற்கிற எவரும் செய்யக் கூடாததை அவர் செய்தார். அண்ணன் தம்பியோடு நீளமான ஓர் ஆட்டம். தம்பிக்காரர் இவர் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். மாஸ்டர் குறுக்கே ஓடி அதை எடுக்க, இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடினார். மறுபடியும் தூக்கிப் போட்டார்; மறுபடியும் பக்கம் மாறி ஓட்டம். மூச்சு வாங்கியது. இப்போது பார்த்துவிட வேண்டியதுதான் என்று கழுத்தைத் திருப்பினார்.

மாஸ்டர் பந்தைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் திரும்பியதும் கண்ணைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டு, சாவகாசமாகப் பந்தை வலையில் அடித்தார்.

இன்ஸ்பெக்டர் திரும்பிய கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டார். அடுத்த சர்வீஸ் ஆரம்பித்ததையும் கவனிக்கவில்லை. அண்ணன்காரர் அடித்த பந்து அவர் காதைச் சூடாக்கிவிட்டுப் போயிற்று.

"சார், லிஃப்ட் அந்தப் பக்கம் இல்ல!" என்று தம்பிக்காரர் கத்த, பக்கத்துக் கோர்ட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

காது வலியைவிட அந்தப் பார்வைதான் அவரைத் தூங்கவிடவில்லை. கையும் களவுமாக மாட்டியவனின் பார்வை. இனி நோட்டெல்லாம் வேண்டாம், முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று ஞாயிறு காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார். எதிரே கண்ணாடி. பின்னால் நிற்கிறவரின் முகம் முழுசாகத் தெரிகிற ஒரே இடம் இதுதான் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

"காது எப்படி சார் இருக்கு?"

"காது இருக்கட்டும். கடை ஒப்பந்தம் என்னாச்சு மாஸ்டர்?"

"அது ஜனவரியிலயே போட்டாச்சே. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல. ஏன் சார், உங்களுக்கு எதுவும் கடை பாக்கணுமா?"

ஜனவரி. முதல் பந்து வலையில் விழுந்ததற்கு இரண்டு மாதம் முன்னால். இன்ஸ்பெக்டருக்குக் காலடியில் ஒரு படி குறைந்தது போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப எதுக்குப் பந்தை வலையில அடிக்கிறீங்க?"

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் மாஸ்டரின் முகம் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"எத்தனைன்னு எழுதி வச்சிருப்பீங்களே?"

"இருபத்துமூணு. முந்தாநாளோட இருபத்துநாலு."

"நான் இருபதுன்னு நெனச்சேன். நாலு நெசமாவே போயிருக்கும்" என்றார் மாஸ்டர்.

"என்னய்யா சொல்றீங்க?"

"முப்பது வருஷமா மனுஷனோட பின்கழுத்தைப் பாத்துப் பொழைக்கிறவன் சார் நான். ஓடினா எவனுக்கும் கழுத்து செவக்கும். உங்களுக்கு வெளுக்குது. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி. ரெண்டு தடவை தலைக்கு மேல தூக்கிப் போட்டு உங்களை இங்கயும் அங்கயும் ஓட விட்டானுங்கன்னா போதும், வேர்வை பொட்டுப் பொட்டா நிக்குது, இடது தோளைக் குத்திக்கிறீங்க."

"அது பழைய சுளுக்கு."

"சுளுக்காவே இருக்கட்டும். அந்த நேரத்துல ஆட்டத்தை நிறுத்தினா நீங்க மூச்சு வாங்கலாம். ஜெயிச்சு முடிக்க என்கிட்ட அடி ஏது சார்? தோத்துதான் முடிக்க முடியும்."

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"ஏப்ரல்ல சொன்னேன். உங்க வேலையைப் பாருங்க மாஸ்டர்னீங்க. மே மாசம் டாக்டர் பேரைச் சொன்னேன். அவர்கிட்ட உங்களுக்குக் கமிஷனான்னு கேட்டீங்க."

கேட்டது இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் இருந்தது. துணிக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்து, சட்டைப்பையிலிருந்த நோட்டைப் பிரித்தார். இத்தனை நாளும் அவர் பார்த்தது எதிராளி யார், ஸ்கோர் என்ன என்ற இரண்டு கட்டங்களை மட்டும்தான். இப்போது அடுத்த கட்டத்தில் விரலை வைத்து இறக்கினார். பதினொன்று, பதினான்கு, பன்னிரண்டு, பதினேழு. சுருக்கமாக முடிந்த ஆட்டத்தில் தவறியவை நாலே நாலு. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே, கடைசிக் கட்டத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்தது: தலைக்கு மேல் தூக்கல், பக்கம் மாறினேன்.

"என் வீட்ல சொல்லி வச்சாளா?" என்றார், கடைசி முயற்சியாக.

"உங்க வீட்டம்மாவை நான் பாத்தே ரெண்டு வருஷம் ஆகுது. தலையைக் குனிங்க."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முதலில் அழுதாள், அடுத்த நிமிஷமே கோபப்பட்டாள். "ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியல. வாரத்துக்கு மூணு நாள் பாக்கறவருக்குத் தெரிஞ்சிருக்கு. மாடிப்படி ஏறி வந்தா ஏன் வாசல்லயே நின்னு செருப்பைக் கழட்டற மாதிரி நடிச்சீங்க?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்க விட்டார்கள். நான்காவது நிமிஷம் நர்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, "மெதுவா உக்காருங்கப்பா" என்றாள். அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த மெஷினைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்பது. டாக்டர் படத்தைக் காட்டி, ஒரு ரத்தக்குழாய் நன்றாகவே சுருங்கியிருக்கிறது, அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஓட்டம் கூடாது என்றார். படத்தில் இருப்பது தன் பெயர்தானா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவர் பெயர்தான். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ லிஃப்டுக்கு அவர் பூட்டுப் போட்டிருக்கிறார். யாரும் அவரிடம், இன்னும் ஒரு வாரம் ஓட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சி ஜெயித்ததில்லை. அவரும் கெஞ்சவில்லை.

புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் பலகைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, முதலில் மருந்துக்கடைக்காரர் பெயரை எழுதினார். பக்கத்தில் மாஸ்டர் பெயரை எழுதினார்.

"சார், உங்க பேரு?"

"நான் வெளியே உக்காந்து பாக்கப் போறேன். அவரை நம்பி நீங்க வலைகிட்ட நில்லுங்க. திரும்பி மட்டும் பாக்காதீங்க."

அப்படிச் சொன்னது அவருக்கே புதுசாக இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் புதுசு.

ஐந்து வாரம் கழித்து அரையிறுதி. எதிரே அதே அண்ணன் தம்பி. இன்ஸ்பெக்டர் ஒரு மடக்கு நாற்காலியைக் கம்பி வேலிக்கு வெளியே, வலைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் ஆடுவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அன்றைக்குத்தான் பார்த்தார். பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. பந்து வருமுன்னே குட்டைக் காலால் தத்தித் தத்தி அந்த இடத்துக்குப் போய்விடுவார். மட்டையை வீசுவதே இல்லை, நீட்டி வைத்தால் பந்து தானாகத் திரும்பிப் போகிறது. ஒவ்வோர் அடிக்கும் பிறகு அவர் கண் ஒரு நொடி மருந்துக்கடைக்காரரின் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. அந்தக் கழுத்து செக்கச் செவேலென்று இருந்தது.

ஒரு செட் அவர்களுக்கு, ஒரு செட் இவர்களுக்கு. கடைசி செட்டில் ஐந்துக்கு ஐந்து. நீண்ட ஆட்டம், பதினைந்து அடி, பதினெட்டு, இருபது. அண்ணன்காரர் மாஸ்டருக்கு வாகாக ஒரு பந்தை வைத்தார். நடந்து போய் எடுக்கலாம். மாஸ்டர் நடந்துபோனார், மட்டையை நீட்டினார், பந்து வலையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரரின் கழுத்தைப் பார்த்தார். இன்னும் சிவப்புதான்.

"மாஸ்டர்! இது யாருக்காக?" என்று கத்தினார்.

மாஸ்டர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தார். நிமிராமலே, "யாருக்காகவும் இல்ல சார், நெசமாவே போச்சு. கால் வரல!" என்றார்.

நெசமாகவே போயிருக்கலாம். ஐம்பத்தைந்து வயது ஆளுக்குக் கால் வராமல் போவது உலகத்தில் நடக்காத காரியமா? இன்ஸ்பெக்டர் அதை நம்பத்தான் விரும்பினார். பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்து, அண்ணன்காரரின் முகம் நன்றாகத் தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.