ட்ரைனேஜ் நீங்கதான் பாக்குறதா?

சமயநல்லூரில் என் கிளினிக் வாசலில் 'லிம்ஃப் ட்ரைனேஜ் மசாஜ்' என்று நேற்றுதான் போர்டு மாட்டினேன். உடம்பில் நிணநீர் தேங்கி வரும் வீக்கத்தை இதமாகத் தடவி வடிய வைக்கும் வேலை. முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன்.

இன்று காலையில் முதல் போன்.

"ட்ரைனேஜ் நீங்கதான் பாக்குறதா?"

"ஆமாண்ணே, சொல்லுங்க." என் குரலில் தேன் சொட்டியது.

"ரொம்ப நாளா தேங்கி நிக்குதும்மா."

"வீக்கம் எம்புட்டு இருக்கு?"

"வீக்கமா? பொங்கி வெளியவே வந்துருச்சு!"

பதறிப்போனேன். "வலி தாங்க முடியுதாண்ணே?"

"நாத்தந்தான் தாங்க முடியல. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வாரான்."

அப்போதுதான் உறைத்தது. அவர் இவ்வளவு நேரமும் சொன்னது வீட்டுச் சாக்கடையை. நான் பார்ப்பது உடம்பை மட்டும்தான் என்று விளக்கினேன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"உடம்புக்குள்ளயும் ட்ரைனேஜ் ஓடுதா? ஆபரேஷனுக்கு அப்புறம் என் சம்சாரத்துக்குக் கை வீங்கிக் கெடக்கு. டாக்டரு கூட ஏதோ மசாஜுன்னாரு. சாயங்காலம் கூட்டிட்டு வாரேன். ஆனா ஒண்ணும்மா, தோண்டிப் போட்டுட்டு மூடாமப் போயிராதீங்க!"

போர்டில் 'இங்கே தோண்ட மாட்டோம்' என்று ஒரு வரி சேர்த்துவிடவா? சொல்லுங்கள் மக்களே.