நான் போகாத ஊரின் தெருக்கள்

எழுபதுகளின் கடைசியில், உப்புவெளிக் கடற்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் ரெலிபோன் ஒப்பரேட்டராக வேலை செய்துகொண்டிருந்தேன். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அங்கே ஜேர்மன்காரர் நிறைந்துவிடுவார்கள். அறையிலிருந்து ஒருவர் அழைத்து ஏதோ கேட்பார். எனக்கு விளங்காது. நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன், அவருக்கு விளங்காது. கடைசியில் பெடியன் ஒருவன் சுடுதண்ணீர், துவாய், மெழுகுதிரி மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவான். எது தேவையோ அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்த முகாமையாளர், அவர்கள் நாட்டிலேயே கோடைகாலத்தில் நடக்கும் ஜேர்மன் வகுப்புக்கு என்னை அனுப்ப ஏற்பாடு செய்தார். தங்குவது அந்த ஊர்க் குடும்பங்களோடு.

துறைமுகத்துக்கு மேலே, ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினியில், நான் செய்தி சொன்ன அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அம்மா கதிரையில் இருந்தபடியே அழுதார்.

“குமர்ப்பிள்ளையை முன்பின் தெரியாத ஆக்களின்ரை வீட்டிலை விடுறதோ?”

அப்பா துறைமுகத்தில், கப்பல்களை இழுத்துவரும் படகொன்றில் எஞ்சின் பார்ப்பவர். நிதானமாகத்தான் பேசுவார். “அவையளும் முன்பின் தெரியாத பிள்ளையைத்தானே தங்கடை வீட்டுக்குள்ளை விடுகினம்” என்றார். நான் போனேன்.

அது ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். முதலில் என்னை ஏற்றுக்கொண்டது ஓர் இளம் வைத்தியரும் அவர் மனைவியும். என் மேல் இரக்கப்பட்டு இருவரும் என்னோடு ஆங்கிலத்திலேயே கதைத்தார்கள். அதனால் வகுப்பில் படித்தது வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துவிடும். எனக்குப் புதினமாக இருந்தது வெளிச்சம்தான். இராச்சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் நிற்கும். யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் அறை தேன் நிறமாகக் கிடக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாத அந்த நேரத்தில், ஆற்றில் போகும் சரக்குப் படகின் சத்தம் கேட்டு, அப்பா வேலை முடிந்து வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்கள் விடுமுறைக்குப் புறப்பட்டபோது என்னை வேறொரு வீட்டுக்கு மாற்றினார்கள். அந்த வீட்டுக்காரர் பஸ் சாரதி. அவர் மனைவி காலையில் பேக்கரிக் கடையில் நிற்பார். நாற்பதைத் தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. “உன்ரை ஊரிலை என்ரை வயசுப் பொம்பிளையை எப்பிடிக் கூப்பிடுவாய்?” என்று மனைவி முதல் நாளே சைகையும் சொல்லுமாகக் கேட்டார். “அக்கா” என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் சாரதியும் பகிடிக்கு அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார். அவர்கள் பேசியதெல்லாம் ஜேர்மன்தான். ஆனால் நாள் போகப் போக அது என் காதில் எங்களூர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் தந்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியைச் சொல்ல வேண்டும். அக்கா குசினி மேசையில் செரிப்பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் இருந்து சொல்லிப் பழகினேன். லிங்க்ஸ் என்றால் இடம், ரெக்ட்ஸ் என்றால் வலம்.

“வீட்டாலை வெளிக்கிட்டாச்சு. பிறகு?”

“இறங்கிறன். மலையிலையிருந்து. கீழை துறைமுகம். கப்பல் நிக்குது.”

“நல்லது. பிறகு?”

“நேரை போறன். காளி கோயில். பிறகு பெரிய வெளி. அங்கை மான் நிக்குது.”

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. “மானோ? காட்டிலை நிக்கிறதோ?”

“இல்லை, தெருவிலை. பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்களோடை.”

நான் சொல்லை மாற்றிவிட்டேன் என்று நினைத்து அகராதியை எடுத்து வந்தார். அகராதியிலும் மான்தான் இருந்தது. கோட்டைக்குள்ளிருந்து வரும் மான்கள் என்று விளங்கப்படுத்த எனக்கு ஏலாமல் போயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அடுத்த நாள் மாலை நான் புத்தகத்தை விரித்ததும் அதை மூடிவிட்டு, “இண்டைக்கு நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்” என்றார்.

மேசையில் இருந்தபடியே அவர் கூட்டிப்போனது தான் பிறந்த ஊருக்கு. வாசல் கதவில் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி. முற்றத்தில் தண்ணீர்ப் பம்பி. இடப்பக்கம் திரும்பினால் சவர்க்காரக் கடை, அதைக் கடக்கும்போது மூச்சை நன்றாக இழுக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். அதன் படியில் ஒரு கல்லுச் சிங்கம், ஒரு காது உடைந்தது. உள்ளே போகும் பிள்ளைகள் எல்லாரும் அதன் வாய்க்குள் கையை விட்டு எடுப்பார்கள். அதற்கு அப்பால் இரும்புப் பாலம்.

“பாலத்துக்கு அங்காலை?”

“தெரியாது. எனக்குப் பத்து வயசு. அதுக்கு அங்காலை விடமாட்டினம்.”

அடுத்து எப்போது அங்கே போவீர்கள் என்று கேட்டேன். வகுப்பில் அன்றுதான் எதிர்காலம் படித்திருந்தோம்.

அவர் அன்றைய செரிக் கொட்டைகளைக் கையால் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். “சண்டைக்குப் பிறகு அது வேறை நாடாப் போச்சுது. எங்கடை வீட்டிலை வேறை ஆக்கள் இருக்கினம். அவையும் பாவம், எங்கையோ இருந்து வந்தவை. சிங்கத்தின்ரை காது எப்பிடி உடைஞ்சதெண்டு அவைக்குத் தெரியுமோ தெரியாது.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் நாங்கள் நடந்தோம். ஒரு நாள் என் ஊர், ஒரு நாள் அவர் ஊர். சந்தை வெயில், கருவாட்டு மணம், சல்லிக் கிராமத்திலிருந்து மீன் பெட்டியோடு சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாம் அந்தக் குசினிக்குள் வந்துபோயின. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கும். படுக்கையில் கண்ணை மூடினால் இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும். ஓர்ஸ் ஹில்லில் இருந்து இறங்குவேன், சவர்க்கார மணம் வரும். உள்துறைமுகத்தில் தொடங்கும் இரும்புப் பாலம் கடலுக்கு அக்கரையிலுள்ள மூதூர் வரைக்கும் நீண்டு கிடக்கும். அதில் மான்கள் வரிசையாக நடந்துபோகும். யாரோ வழி கேட்பார்கள், நான் ஜேர்மனில் சொல்வேன், ஒரு பிழையும் வராது.

சாரதிக்கு மாலையில்தான் வேலை. ஒரு நாள் முறை மாறி நேரத்தோடு வந்துவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. அக்கா தன் ஊர்ப் பள்ளிக்கூடப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சிங்கம்?” என்று வாசலில் இருந்து குரல் வந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அக்கா எழும்பி அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்தார்.

“கலியாணம் முடிச்சு இவ்வளவு காலம். எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை.”

“உங்களுக்குச் சொன்னால் எல்லாத்தையும் சொல்ல வேணும்” என்றார் அக்கா மெதுவாக. “இவளுக்கு எல்லாச் சொல்லும் தெரியாது. இவளுக்குத் தெரு மட்டும் போதும்.”

அது உண்மை. எனக்குக் கதவு, கடை, பாலம் என்ற சொற்கள் தெரியும். ஓர் ஊர் எப்படிக் காலியாகும் என்பதற்கான சொற்கள் எதுவும் தெரியாது. அவற்றைக் கேட்கவும் தெரியாது.

சில நாட்கள் எங்கள் மாலை நடை நின்றுவிட்டது. நான் அறைக்குள்ளேயே படித்தேன். இரண்டு நல்ல மனிதருக்கு நடுவில் எதையோ உடைத்துவிட்டேன் என்ற பயம். திரும்பவும் வேறு வீடு கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகொரு நாள், சாரதிக்கு ஓய்வு, சாப்பாடு முடிந்து நான் எழும்பப் போனபோது, “இரு பிள்ளை” என்றார் சாரதி. தன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு ஸ்ரியரிங்கைப் பிடித்தார்.

“ஏறுங்கோ. எங்கை நிப்பாட்ட வேணும்?”

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தார். நான் பஸ்ஸில் ஏறுவது போல அவருக்குப் பின்னால் என் கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் அக்காவும் வந்து இருந்தார்.

“சவர்க்காரக் கடையடியிலை” என்றார்.

“லிங்க்ஸோ, ரெக்ட்ஸோ?”

“லிங்க்ஸ். மெல்லமாய்ப் போங்கோ, கல்லுத் தெரு.”

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் நிறுத்தி, சிங்கத்துக்குக் கை காட்டச் சொன்னார். பாலம் வந்ததும், “இதிலையே திருப்பி எடுக்கிறன்” என்றார்.

“இல்லை. போங்கோ” என்றார் அக்கா. “அங்காலை ரயில் ஸ்ரேஷன். அங்கை ஒரு தரம் போனனாங்கள். கடைசியாய்.”

பிறகு அவர் சொன்னது மிக வேகமாக வந்தது. அம்மா என்ற சொல் விளங்கியது. பனி, பெட்டி, கை என்ற சொற்கள் விளங்கின. மற்றவை எனக்கு மேலாக ஓடின. சாரதியின் கைகள் ஸ்ரியரிங்கை விட்டு இறங்கி மேசையில் கிடந்தன. அது எனக்கான கதை இல்லை என்று விளங்கியது. சத்தமில்லாமல் எழும்பி அறைக்குப் போனேன். சுவருக்கு அப்பால் இருவரின் குரலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தது. சொற்கள் இல்லாமல், தூரத்துப் படகு எஞ்சின் போல. அதைக் கேட்டபடி எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் இருவரும் பிந்தி எழும்பினார்கள். நான்தான் கோப்பி போட்டு வைத்திருந்தேன். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. சாரதி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பி தேத்தண்ணி மாதிரி இருக்குது என்றார். மூவரும் சிரித்தோம்.

ஊருக்குத் திரும்பியபோது அம்மா கேட்டது ஒன்றுதான். “அந்தப் பொம்பிளை வடிவாய்ச் சாப்பாடு தந்தவவோ?”

“ஓம்” என்றேன். மற்றதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஹோட்டலில் என் ஜேர்மன் நன்றாகவே பயன்பட்டது. சுடுதண்ணீர் கேட்டவருக்குச் சுடுதண்ணீர் போனது. மாரி தொடங்கி அறைகள் காலியானதும் ரெலிபோன் ஊமையாகிவிடும். மழைக் கடலைப் பார்த்தபடி, மொழி மறந்துவிடாமல் இருக்க, ரிசீவரை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு நானே கதைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மதியம் அப்பா துறைமுகத்திலிருந்து எடுத்தார்.

“என்ன பிள்ளை, லைன் கிடைக்கவே இல்லை. ஆரோடை கதைச்சனீ?”

“ஒராளுக்கு வழி சொன்னனான் அப்பா.”

“இந்த மழைக்குள்ளை ஆர் வழி கேக்கிறது?” என்றார். பிறகு, “காத்து மாறுது, நேரத்தோடை வெளிக்கிட்டு வா” என்று சொல்லி வைத்துவிட்டார்.