சாயம் ஏறாத சுவர்

திசு பதித்த மெழுகுத் துண்டிலிருந்து மெல்லிய சீவலை எடுக்கும்போது வால்புர்கா லாய்பிள் மூச்சு விட மாட்டாள். டான்யூப் கரையில் உள்ள கால்நடை உடற்கூறு ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம். சீவல் வெந்நீரில் சுருக்கமின்றி விரிந்து கண்ணாடித் தகட்டில் படிந்த பிறகே அவளுக்கு மூச்சு வரும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் முறைப்பாள், அவ்வளவுதான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். படித்தவர்கள் நடுவே வாய் திறப்பது அபூர்வம்.

அந்த வசந்தத்தில் ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு மாணவன் ஹென்னிங்குக்காகக் காளைக்கன்றுகளின் விரைகளைச் சீவிக்கொண்டிருந்தாள். கன்று வளர வளர எந்த வாரத்தில் எந்தப் புரதம் செல்களைத் தாங்கும் சட்டமாக நிற்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. விரைகளை வாங்கிவர அவளே இறைச்சிக்கூடத்துக்குப் போவாள். அங்கே கறி வெட்டும் சாவர், மற்றவர்களைப் போலப் புர்கல் என்று பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு, விடாமல் சீண்டுவார்.

"என்ன புர்கல், நல்ல கன்னுக்கறிய விட்டுட்டு இதுக்கா இவ்வளவு தூரம் வர்றே? உன் வீட்டுக்காரர் பாவம்!"

பதினாறு வாரக் கன்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. அதன் மெழுகுத் துண்டில் இன்னும் எட்டுச் சீவல்களே மிச்சம். அவையும் வேறொரு புரதத்துக்கென்று ஒதுக்கியவை.

தசைப் புரதமான ஆக்டின் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பேற்றும் சாயத்தைப் போட்டு அந்தக் கன்றின் தகட்டை அவள் கொடுத்தாள். ஹென்னிங் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"லாய்பிள் மேடம், விந்துக் குழல் எல்லாம் வெளிறிக் கெடக்கு. ஏதாவது ஒரு படிய விட்டுட்டீங்களா? சாயத்த ரெண்டு மடங்காக்கி மறுபடி சீவிடுங்க."

பேராசிரியர் டீட்லும் அங்கே இருந்தார். "வேற வழி இல்லன்னா சீவிடுங்க புர்கல்," என்றார்.

அவள் துண்டை இயந்திரத்தில் மாட்டினாள். பிடியைச் சுழற்றக் கை வரவில்லை. இதைச் சீவினால் அந்த வாரத்துக்கு வேறு கன்று இல்லை. கழுத்துவரை சிவந்துபோய்ச் சொன்னாள்: "சீவ மாட்டேன்."

"என்னது?"

"குழல விடுங்க. ஓரத்துல ஒரு ரத்தக்குழாய் இருக்கு, அதப் பாருங்க."

ஹென்னிங் பார்த்தான். "அது நல்லாப் பழுப்பா இருக்கு."

"அதோட சுவர் தசைதானே? அங்க ஏறின சாயம் இங்க ஏறலைன்னா, குழலச் சுத்தி இன்னும் தசை வரலைன்னு அர்த்தம்."

டீட்ல் அவனை நகர்த்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். "தம்பி, உனக்குக் கண்ணாடி மாத்தணும்," என்றார். பிறகு இருபத்தெட்டு வாரக் கன்றின் தகட்டை வைத்து அவளையும் பார்க்கச் சொன்னார்.

ஒவ்வொரு குழலைச் சுற்றியும் மயிரிழை போல ஒரு பழுப்பு வளையம். இடைப்பட்ட பன்னிரண்டு வாரத்துக்குள், கன்று தீவனம் தின்று துள்ளிக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே ஒரு குழல்கூட விட்டுப்போகாமல் தசை சுற்றியிருந்தது. விந்து இன்னும் உருவாகவே இல்லை. அதைத் தள்ளிவிட வேண்டிய சுவர் முன்கூட்டியே எழும்பி நின்றது. புர்கல் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இதென்ன சர்ச்சா?" என்றான் ஹென்னிங்.

"அதுக்கு இது எதுல கொறச்சல்?"

அவன் மறுபடி குனிந்து பார்த்தான்.

ஆய்வேடு வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒதுக்கிய எட்டுச் சீவல்களும் உரிய புரதத்துக்கே போயின. ஹென்னிங் வடக்கே மாட்டு வைத்தியம் பார்க்கிறான். புர்கல் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறாள். சாயம் கெட்டதா இல்லையா என்று இப்போது அவளைத்தான் கேட்கிறார்கள்.