ஜாமீன் போட்ட வில்லாளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனியில், கடன் பிரிவில் வேலை பார்த்தேன். தம்பி காட்டாங்குளத்தூரில் பொறியியல் படித்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸ் அவன் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டுக்குப் பலகையோ காய்களோ கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது பக்கமுள்ள ஒரு பகடை சொல்லவேண்டும். அந்தப் பகடை தாம்பரத்தில் எங்கே கிடைக்கும்? ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆட்டம் நடக்கும். கதையை நடத்துபவன் தம்பி. ஆடுபவர்கள் அவனுடைய வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர். அனகாபுத்தூரிலிருந்து வருபவன் வாள்வீரன். கீழ்க்கட்டளையிலிருந்து வருபவன் வில்லாளி.

"காசு தேவைப்பட்டா புதையல் கிடைச்சதுன்னு இவனுங்களே எழுதிக்கறாங்க" என்று ஒருநாள் தம்பி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். "நீ அந்த ஊர்ல ஒரு கடன் கடை வையேன். ஆபீஸ்ல எப்படிக் கேள்வி கேப்பியோ, அப்படியே கேளு."

வாரம் முழுக்கச் செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமையும் செய்யவேண்டுமா என்று அலுப்பாக இருந்தது. இருந்தாலும் போய் உட்கார்ந்தேன்.

அந்த வாரக் கதையில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றுக்குள் ஒரு மிருகம் புகுந்திருந்தது. அதன் தலையைக் கொண்டுவருபவனுக்கு அரசன் பொன் தருவான். பம்மல் பக்கத்துக் குவாரிகளை மனத்தில் வைத்துத்தான் தம்பி அதை விவரித்தான். செங்குத்தான சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர். அங்கே இறங்கக் கவசமும் கயிறும் வாங்க வேண்டும் என்று வீரன் என்னிடம் ஐந்நூறு பொன் கேட்டான்.

"நீங்க திரும்பி வரலைன்னா?" என்றேன்.

அனகாபுத்தூர்க்காரன் சிரித்தான். "வரலைன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம் அக்கா. செத்தவன்கிட்ட இன்னா வாங்குவீங்க?"

"அதுக்குத்தான் ஜாமீன் கேக்கறேன்."

அவன் பக்கத்திலிருந்த நண்பனைப் பார்த்தான். கீழ்க்கட்டளைக்காரன் நிமிர்ந்தான். "நானா?" என்றான். பிறகு, "விளையாட்டுதானே" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு, தம்பி நீட்டிய தாளில் வில்லாளியின் பெயரை எழுதினான்.

அடுத்த ஞாயிறு கதையில் இருவரும் குவாரிக்குள் இறங்கினார்கள். மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்று கூடம் புழுங்கியது. ஆனாலும் யாரும் எழுந்து வெளியே போகவில்லை. பாதிவழியில் பாறை உடைந்து வீரன் கீழே விழுந்தான். கால் முறிந்துவிட்டது. மேலே ஒரு விளிம்பில் வில்லாளி நிற்கிறான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வீரனிடம் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் அசைந்தது என்றான் தம்பி.

"தூக்கப் பாக்கறியா? பன்னெண்டோ அதுக்கு மேலயோ வந்தா ரெண்டு பேரும் மேல வந்துடலாம். கம்மியா வந்தா நீயும் கீழ போயிடுவ. இல்ல, கயித்தை அறுத்துட்டு நீ மட்டும் தப்பிக்கலாம்."

கீழ்க்கட்டளைக்காரன் டம்ளரை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இவன் செத்துட்டா அந்தக் கடன் என்னாகும்?"

எனக்குப் பழகிப்போன கேள்வி அது. யோசிக்காமலே பதில் வந்தது. "ஜாமீன் போட்டவங்கதான் கட்டணும்."

"முழுசுமா?"

"முழுசும். வட்டியோட."

அனகாபுத்தூர்க்காரனின் முகம் மாறியது. "இன்னா மச்சான் இது? நான் கீழ கால் ஒடஞ்சு கெடக்கறேன். என்னைத் தூக்கறதா வேணாமான்னு கணக்கு பாக்கறியா?"

"கேட்டேன். அவ்வளவுதான்."

"எதுக்குக் கேக்கற?"

"எங்க வீட்ல கட்டிக்கினு இருக்கோம்டா." அவன் குரல் உயரவில்லை. ஆனால் கையிலிருந்த பென்சிலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தான். "கூட வேலை பாக்கறவருன்னு அப்பா கையெழுத்து போட்டாரு. அந்தாள் எங்க போனான்னே தெரியல. மாசாமாசம் அப்பா சம்பளத்துல பிடிச்சுட்டுதான் தராங்க. தங்கச்சிக்கு இந்த வருஷம் ஃபீஸ் கட்டல. போதுமா?"

தேநீர் கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டு, தட்டோடு உள்ளே திரும்பிப் போனாள்.

கடன் வாங்கியவன் காணாமல்போனால், ஜாமீன்தாரர் வேலை செய்யும் இடத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கடிதம் போவது எங்கள் அலுவலகத்தில் வழக்கம். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது நான். எந்தக் கம்பெனி என்று அவனிடம் கேட்க நாக்கு எழவில்லை.

அனகாபுத்தூர்க்காரன்தான் முதலில் பேசினான். "அக்கா, இப்பவே அவன் பேரை எடுத்துடுங்க. நான் சாவறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி குறுக்கிட்டான். "முடியாது. அக்கா ஊர்ல கடையில உக்காந்திருக்கா. நீ குழிக்குள்ள இருக்க. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"டேய், ஆட்டம்டா இது."

"ஆட்டம்னா ஆட்டம் மாதிரி ஆடு."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். தம்பி மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம் என்றும் தெரிந்தது. இந்த ஆட்டத்தில் எனக்குக் கடைக்கு வெளியே கை நீளாது.

"அப்ப கயித்தை அறு" என்றான் அனகாபுத்தூர்க்காரன். "அதுக்கு முன்னாடி கவசத்தைக் கழட்டிக் கயித்துல கட்டி வுடறேன். இழுத்துக்கினு போய் வித்துடு. பாதிக் கடனாவது அடையும்."

கீழ்க்கட்டளைக்காரன் அவனைப் பார்க்கவே இல்லை. டம்ளரை எடுத்துக் குலுக்கினான். குலுக்கிக்கொண்டே இருந்தான். "தூக்கறேன்" என்று சொல்லி ஒரு சீட்டை எடுத்தான். அதைப் பிரிக்காமல் தம்பியிடம் நீட்டினான். வியர்வையில் ஒட்டிக்கொண்ட சீட்டைத் தம்பி மெதுவாகப் பிரித்தான்.

பதினான்கு.

யாரும் கைதட்டவில்லை. கீழ்க்கட்டளைக்காரன் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். நான் எழுந்துபோய்க் கொண்டுவந்தேன்.

மிருகத்தின் தலை இல்லாமல், கால் உடைந்த வீரனோடு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கடன் அப்படியே இருந்தது. நான் தவணையை நீட்டித்தேன், தள்ளுபடி செய்யவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அதன் பிறகு பல ஞாயிறுகள் அந்த ஆட்டம் கடனை அடைக்கும் ஆட்டமாகிவிட்டது. வணிகர்களின் வண்டிகளுக்குக் காவல் போனார்கள், கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்தார்கள். இப்படியே போனால் எழுதி வைத்திருக்கிற அரக்கர்களை என்ன செய்வது என்று தம்பி புலம்பினான்.

பாதிக்குமேல் அடைந்தபோது அனகாபுத்தூர்க்காரன் தன்னுடைய வாளைக் கொண்டுவந்து அடகு வைத்தான். "மீதிக்கு இது போதுமில்ல? அவன் பேரை அடிங்க" என்றான். வாள் அதற்குப் போதும். நான் தாளை எடுத்து வில்லாளியின் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். கீழ்க்கட்டளைக்காரன் எட்டிப் பார்த்தான்.

அன்று மாலை காய்கறி வாங்கப் போன நான் பஸ் ஸ்டாப் வரை கீழ்க்கட்டளைக்காரனோடு நடந்தேன்.

"நிஜத்துல இப்படிப் பேரை அடிப்பாங்களா அக்கா?"

"கடன்காரர் ஈடா ஏதாவது கொடுத்தா அடிப்பாங்க. ஆளே இல்லைன்னா கஷ்டம்" என்றேன். "ஆனா உங்கப்பா கட்டின பணத்தை அந்த ஆள்கிட்ட கேட்டு வழக்கு போடலாம். அதுக்கு அவர் எங்க இருக்கார்னு தெரியணும்."

"தேடிட்டுதான் இருக்கோம்" என்றான்.

எந்தக் கம்பெனி என்று அப்போதுதான் கேட்டேன். அவன் சொன்னான். எங்களுடையது இல்லை. நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். பல்லாவரம் போகும் பஸ் வந்தது. கூட்டம் படிவரை தொங்கியது. அவன் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டான்.