நான்காவது அறையின் பூட்டு

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை மூத்த மகளான என்னிடம் தம்பி ஒப்படைத்தான். நல்லதை நாலு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூரில். ஏழு வயதில் தாயை இழந்தார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை, அதாவது எங்கள் மாமாவை, இடுப்பிலேயே சுமந்து வளர்த்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பதினெட்டு வயதில் மண்ணூருக்கு அடுத்த எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். பின்னாளில் மாமாவும் இங்கேயே குடிவந்தார்.

அப்பா கிராம உதவியாளர். தாலுகா ஆபீசிலிருந்து வரும் செய்தியை ஊருக்குச் சொல்வதும் அவர் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு புயல் மழையின்போது ஏரிக்கரையைப் பார்த்துவரப் போனவர்மேல் இடி விழுந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சட்டைப் பித்தான்கள் உருகி மார்பில் ஒட்டியிருந்தன. அம்மா ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்தெடுத்தார். அதன் பிறகுதான் எங்களைக் கட்டிக்கொண்டு கதறினார்.

கருணை அடிப்படையில் அந்த வேலை அம்மாவுக்கே கிடைத்தது. முதல் மழைக்காலத்தில் ஆபீஸ் தாளை அப்படியே டீக்கடையில் வாசித்தார். கனமழை பெய்யக்கூடும், தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று இருந்தது. யாரும் அசையவில்லை. இரண்டு வீடுகளில் தண்ணீர் புகுந்து ஆடுகள் செத்து மிதந்தன.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "தாழ்வான பகுதின்னா எவனுக்குப் புரியும்? அவனவன் தன் வூடு மேட்டுலதான் கீதுன்னு நெனச்சிக்கினு கீறான். மழ வரும்னு சொல்லக் கூடாதுடி. உன் வூட்டுக்கு இன்னா ஆவும்னு சொல்லணும்."

அதன் பிறகு ஒவ்வொரு மழையிலும் குடை பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்துகொண்டார். அடுத்த முறை எச்சரிக்கை வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் நின்று வேறு வேறு செய்தி சொன்னார். "உன் மாட்டுக் கொட்டாயில முழங்கால் தண்ணி நிக்கும், இப்பவே அவுத்து மேட்டுல கட்டு." "உங்க பின்செவுரு பச்ச மண்ணு, அந்தாண்ட யாரும் படுக்காதீங்க." சொன்னது நடந்தது. ஊர் அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கியது.

மாமா மட்டும் கேட்கவில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத்தொடங்கியிருந்தன. தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை. மாமா ஏரியின் உபரிநீர்க் கால்வாயில் மண்ணைக் கொட்டி, ஹாலோ பிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாகப் பன்னிரண்டு அறைகள் கட்டினார்.

"கால்வாய்ல கட்டாதடா," என்றார் அம்மா.

"தண்ணி வந்து எத்தினி வருஷம் ஆச்சுக்கா? அது கால்வாயே இல்ல."

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில், மேல் ஏரிகள் நிரம்பி வழிகின்றன, தாழ்வான இடங்களைக் காலி செய்யுங்கள் என்று தாலுகா ஆபீசிலிருந்து செய்தி வந்தது. "மேலேரி கர ஒடைஞ்சா பன்னண்டு மணிக்குள்ள தண்ணி இங்க," என்று அம்மா கணக்கிட்டார். ரோட்டில் தண்ணீர் நின்றதால் என் ஷூ கம்பெனி பஸ் வரவில்லை. நானும் அவரோடு ஓடினேன்.

மாமாவின் அறைகளில் எட்டை உடனே காலி செய்துவிட்டோம். "கூரையோட செவுரு சாயும், துணிமணியப் பாக்காதீங்க, பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க" என்று அம்மா கத்திய கத்தலில் பிள்ளைகள் லுங்கியோடு ஓடினார்கள். மீதி நான்கு அறைகள் வெளியே பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லை என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நைட் ஷிப்ட் முடித்தவன் உள்ளே தூங்குவான். அறைக்கு ஒரே சாவி. காலையில் வேலைக்குப் போகிறவன் வெளியே பூட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவான். கூரையில் மழை அடிக்கிற இரைச்சலில் கதவைத் தட்டினாலும் உள்ளே கேட்காது.

அம்மா வீட்டிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து முதல் பூட்டை நெம்பினார். மாமா நனைந்தபடி ஓடி வந்தார்.

"இன்னாக்கா பண்ற? நீ காலி பண்ணா ரிப்போர்ட்டு போவும். ரிப்போர்ட்டு போனா ஆக்கிரமிப்புன்னு மொத்தத்தையும் இடிச்சிடுவானுங்க!"

"உள்ள மனுசன் கீறான்டா!"

"கடப்பாரைய உடுக்கா!"

மாமா பிடுங்கப் பார்த்தார். அம்மா விடவில்லை. மாமா இழுத்து ஓங்கினார். அம்மாவின் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது. அம்மா சேற்றில் விழுந்தார். எழுந்து, ஒற்றைக் கையால் மறுபடியும் கடப்பாரையைப் பற்றினார். மாமா விட்டுவிட்டார். முதல் பூட்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. உள்ளே தூங்கியவர்கள் எழுந்து மேட்டுக்கு ஏறினார்கள்.

அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. நூறு லாரிகள் ஒன்றாகக் கல்லைக் கொட்டியது போல இருந்தது. கால்வாயின் மேற்கே இருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர், வேலிக்கற்களையும் மரங்களையும் புரட்டிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே, காலி செய்திருந்த கடைசி அறை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

மாமா கடப்பாரையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். இந்த முறை மூன்றாவது பூட்டை அவரே உடைத்தார். இரண்டு பையன்களை மார்பளவு தண்ணீரில் வெளியே தள்ளினார்.

நான் ரோட்டு மேட்டில் ஏறி நின்று கத்தினேன்: "போதும், வாம்மா! மூணு ரூம் தொறந்தாச்சு, வந்துடும்மா!"

அப்படிக் கத்தியதை மறைக்க விரும்பவில்லை. என் அம்மா மட்டும் எனக்குப் போதும் என்று அந்த நேரத்தில் இருந்தது.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது கதவை உடைந்த கையாலும் சேர்த்து அடித்து, "முத்து! சுடலமுத்து! எழுந்திருடா!" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து "அக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு!" என்று குரல் வந்தது. மாமா பூட்டில் இரண்டு அடி போட்டார். மூன்றாவது அடிக்கு முன் சுவர் சரிந்தது. மாமாவின் வலது கால் அதன்கீழ் நசுங்கியது. அம்மாவைத் தண்ணீர் புரட்டி முள்வேலியில் எறிந்தது. வெளியே வந்த பிள்ளைகள் லுங்கிகளைக் கயிறாக முறுக்கி இருவரையும் இழுத்துப் போட்டார்கள்.

சுடலைமுத்துவை மறுநாள் காலை கீழ்வயலில் கண்டெடுத்தோம்.

கட்டுப் போட்ட கையோடு அம்மா தாலுகா ஆபீசுக்கு அறிக்கை எழுதினார். கட்டடம் கால்வாயில் இருந்ததையும், கட்டியவர் தன் தம்பி என்பதையும் எழுதினார். தன்னை அடித்ததை எழுதவில்லை. "அது எனக்கும் அவனுக்கும்," என்றார். சொந்தக்காரர்கள் பலர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர்களில் சிலர் இன்று இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கலாம். குற்றமாகச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளத் தண்ணீரில் காயம் பட்டதால் வந்த எலிக்காய்ச்சல் என்றார்கள். கண்கள் மஞ்சளாயின. சிறுநீரகம் நின்றது. சென்னை அரசு மருத்துவமனையில் ஆறு நாள் போராடினார். கடைசிவரை, நான்காவதை முதலில் உடைத்திருக்க வேண்டும் என்றே பிதற்றினார். ஐம்பது வயது நிறையவில்லை.

மாமா இன்று ஊன்றுகோலில் நடக்கிறார். மிச்சமிருந்த சுவர்களை யாராவது வந்து இடிக்கும்வரை காத்திராமல் தானே ஆள் வைத்து இடித்துவிட்டார். இந்தக் கட்டுரையை எழுதியதும் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன். அம்மாவை அடித்த பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். கண்டுபிடித்துவிட்டார். "அதையும் எழுதும்மா. எழுதலைன்னா நான் படையலுக்கு வர மாட்டேன்," என்றார்.

அம்மாவுக்கு ரத்தம் கொடுக்க ஷிப்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கும், வார்டில் மாறி மாறி அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சிய தெருப் பெண்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த அந்த மூன்று அறைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதியன்று திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்தார். சுடலைமுத்துவின் தாய். என்ன சொல்லித் திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் தலைகுனிந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் புள்ளய ஒங்கம்ம பேரு சொல்லிக் கூப்பிட்டாவளாமே. அவன் பதில் சொன்னானா தாயி?"

"சொன்னாரும்மா. அக்கான்னு கூப்பிட்டாரு."

"அப்ப அவன் தனியாப் போவல," என்றவர், அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் பிறகுதான் அழுதார்.