புகை தெரியாத பாசஞ்சர்

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. மலைக்குப் பின்பக்கம், கீழே, ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. எங்கள் ஊருக்கு அதுதான் ரயில். இப்போது அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை. தண்டவாளத்துக்கு மேலே கரண்ட் கம்பி ஓடுகிறது. வண்டிகள் வேகமாகப் போய்விடுகின்றன. பலாவை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்துக்கு அனுப்புகிறோம்.

எழுபதுகளில் அப்படி இல்லை. சேலம் போகிற பாசஞ்சர் தினமும் அங்கே நின்றது. பத்து நாளுக்கு ஒருமுறை பழத்தைத் தலைச்சுமையாகச் சரிவில் இறக்கி அதில்தான் ஏற்றுவோம்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வராது. கீழே போய்க் காத்திருந்தால் வெயில். ஆளும் வதங்கும், பேரிக்காயும் வதங்கும். அதனால் சரிவில் பாதி தூரம் இறங்கி ஒரு பாறைமேல் உட்கார்வோம். அங்கே காற்று உண்டு. ஸ்டேஷன் மரங்களில் மறைந்திருக்கும். தூரத்து ஏற்றத்தில் புகை மட்டும் தெரியும். கூட்ஸ் என்றால் இரண்டு புகை, முன்னால் ஒரு இஞ்சின், பின்னாலிருந்து தள்ள ஒன்று. ஒற்றைப் புகை என்றால் பாசஞ்சர். அதைப் பார்த்துச் சுமையைத் தூக்கினால் வண்டியும் நாங்களும் ஒன்றாகப் போய்ச் சேருவோம். அப்பா காலத்திலும் அப்படித்தான்.

அக்காவை ரயில்வே கேங்மேன் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தினமும் சுத்தியலோடு நடந்து தண்டவாளத்தைப் பார்த்துச் சரிசெய்கிற வேலை. சேலம் பக்கம் அடுத்த ஸ்டேஷனில் லைன் வீடு. அக்காவுக்குக் கீழ்நாட்டுச் சூடும் ஒத்துக்கொள்ளவில்லை, மாமியாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மலைக்கு வந்துவிட்டாள். காப்பிப் பழம் பறித்து முடிந்தும் போகவில்லை. பலா பழுக்கும்போது மாமா ஆள் விட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கினால் சரி. இறங்காவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டார்.

 வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

நான் ஒரு பலாவைத் தூக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் கூடைச் சுமையோடு வந்தார். மூவரும் பாறையில் உட்கார்ந்தோம். புகை வரவில்லை.

"இன்னைக்கு நொம்ப லேட்டு. உங்கூட்டுக்காரரு தண்டவாளத்தக் கழட்டி வெச்சுட்டாரோ என்னமோ" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்கண்ணா" என்றாள் அக்கா.

கீழே ஒரு ஹாரன் கேட்டது. அண்ணன், "லாரி" என்றார். நானும் லாரி என்றுதான் நினைத்தேன்.

நிழல் காலடிக்கு வந்துவிட்டது. கீழிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா ஏறி வந்தார்.

"ஏனுங்க, இன்னும் இங்கயே குந்தியிருக்கீங்க? வண்டி அப்பவே போயிருச்சே."

"புகையே வல்லையே" என்றேன்.

"புது இஞ்சினுங்க சாமி. பொட்டியாட்டம் இருக்குது. புகையெல்லாம் உடறதில்ல. லாரியாட்டம் கத்திட்டுப் போகுது."

அண்ணன் கூடையைத் திருப்பி ஊருக்குத் தூக்கினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஸ்டேஷனில் அடுத்த பாசஞ்சர் நாளைக்குத்தான் என்றார்கள். அவள் பிளாட்பாரத்தைத் தாண்டித் தண்டவாளத்தில் இறங்கினாள்.

"எங்கக்கா போற?"

"அவரு தெனமும் நடக்கற பாததான."

பலாவோடு நானும் பின்னால் போனேன். ஜல்லி சுட்டது. கட்டைக்குக் கட்டை கால் வைத்து நடந்தோம். வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்றோம்.  

பொழுது சாய்கிற நேரம். ஒரு சின்னப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் எதிரே வந்தார். மாமா. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"லைன் பாக்க வந்தேன்" என்றார்.

"சுத்தி இல்லாமயா?" என்றாள் அக்கா.

மாமா தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. அப்புறம் என்னைப் பார்த்து, "பாசஞ்சர்ல ஏன் மச்சான் வல்லை?" என்றார்.

"புகைக்குப் பாத்துட்டிருந்தோமுங்க மாமா."

"டீசலுக்குத் தூரத்துல தெரியற புகை ஏது? மாத்தி ஒரு வாரமாச்சே."

"அதச் சொல்லியுட்டிருந்தா என்னவாமா?" என்றாள் அக்கா. "வரலீன்னா கூப்பட மாட்டேன்னு சொல்றதுக்கு மட்டும் ஆளு கெடச்சுது."

"லைன்ல எல்லாருக்கும் தெரியுமேன்னு உட்டுட்டேன்."

"பாறைக்கு யாரு வந்து சொன்னா?"

மாமா கிட்டே வந்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நான் பலாவைக் கொடுத்தேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டார். "இருந்துட்டுக் காலைல போலாம், வா" என்றார். விடிகாலையில் மாடு கறக்க வேண்டும் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் வந்து பார்த்தேன். மாமா முன்னால், அக்கா பின்னால். அக்காதான் பேசிக்கொண்டு போனாள்.

அடுத்த சுமையிலிருந்து நாங்கள் பாறையில் உட்காரவில்லை. நேராகக் கீழே போய் வெயிலில் காத்திருந்தோம்.